காப்பாற்றிய பூனைகளின் பெயரில் பூனை உணவு விற்க நினைக்கிறீர்களா? வன்னியிலிருந்து தொடங்கும் வழி

எங்கள் பூனை கறுப்பி கதவில் முட்டிக்கொண்டபோது அவசரத்தில் ஓடி வந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். அடுத்த கிழமை மாமரத்தடியில், நல்ல மத்தியான வெயிலில், அதன் கண்மணி நடு இரவில் இருப்பதுபோல அகல விரிந்தே கிடந்தது. அப்போது இலங்கையின் வன்னியில், முள்ளியவளையில் எங்கள் வளவில் ஒன்பது பூனைகள். சந்தையிலும் அரிசி ஆலை வாசலிலும் ஏ9 வீதியோரத்திலும் பொறுக்கி வந்தவை. மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு வருடத்துக்கு மேலாக நாய் பிஸ்கற்றையும் சோற்றையும் பிசைந்துதான் எல்லாவற்றுக்கும் போட்டேன். வயிறு நிறைந்தது, மயிர்கூடப் பளபளப்பாகத்தான் இருந்தது. மிருக வைத்தியர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன். கறுப்பிக்குப் பார்வை திரும்பவில்லை.

காப்பாற்றிய பூனைகளை வைத்து நேர்மையான ஒரு பூனை உணவு பிராண்ட் தொடங்கப் போகிறேன், எப்படிச் செய்வது என்று யார் கேட்டாலும் நான் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். நேர்மை என்பதை பெட்டியில் போடும் படத்திலிருந்தோ, இலாபத்தில் இத்தனை வீதம் கொடுக்கிறோம் என்ற வாக்கியத்திலிருந்தோ தொடங்காதீர்கள். பூனையின் உடம்பிலிருந்து தொடங்குங்கள். அதனால் என் முதல் அறிவுரை பலருக்குப் பிடிக்காது: முழு உணவு செய்யத் தொடங்காதீர்கள். காய்ந்த மீன் துண்டு மாதிரி ஒரு சிறு தின்பண்டம் செய்யுங்கள், அது தின்பண்டம்தான் என்று லேபலில் பெரிய எழுத்தில் போடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

காரணம் இதுதான். பூனை இறைச்சியில் மட்டுமே வாழப் பிறந்த உடம்பு. டோரின் என்ற சத்தை நாய் தன் உடம்பிலேயே போதிய அளவு செய்துகொள்ளும், பூனையால் முடியாது. அது குறைந்தால் விழித்திரை கெடும் என்று 1975இல் கண்டுபிடித்தார்கள், இதயத் தசை பலவீனமாகி வீங்கும் நோய்க்கும் அதுவே காரணம் என்று 1987இல் தெரியவந்தது, அதுவும் கடையில் பெட்டியில் விற்ற உணவைத் தின்ற பூனைகளிடம். பெரிய பெரிய நிறுவனங்களின் தயாரிப்பிலேயே அந்தக் குறை இருந்தது என்றால் எங்கள் குசினியில் ஒரு பெரிய பானையை வைத்துக்கொண்டு 'எல்லாச் சத்தும் நிறைந்த உணவு' என்று நாங்கள் எப்படி எழுதுவது? டோரின் மட்டுமில்லை. கரட்டிலும் பூசணியிலும் இருக்கும் நிறச்சத்திலிருந்து பூனையால் விற்றமின் ஏ செய்ய முடியாது, ஈரலில் இருப்பதுபோல நேரடியாகவே கிடைக்கவேண்டும். ஆனால் ஈரலை அள்ளிப் போட்டால் அதே விற்றமின் நஞ்சாகி எலும்பை இறுக்கிவிடும். எலும்பில்லாத இறைச்சி மட்டும் கொடுத்தால் கல்சியம் போதாது. பச்சை மீனில் பல வகைகளில் தயமின் என்ற விற்றமின் பி1ஐ அழிக்கும் ஒரு நொதியம் இருக்கிறது, அவித்தால் நொதியம் போகும், ஆனால் அவிக்கும்போது தயமினும் கொஞ்சம் போகும். எண்ணெய் மீனை மட்டும் நாள்தோறும் போட்டால் விற்றமின் ஈ தீர்ந்து தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மஞ்சளாகி வீங்கி, தொட்டாலே பூனை கத்தும். ஒன்றைச் சரி செய்யப் போனால் இன்னொன்று கெடுகிறது. முழு உணவு என்பது சமையல்காரரின் வேலை இல்லை, விலங்குப் போசணை படித்தவர் உட்கார்ந்து கணக்குப் போட்டு, ஆய்வுகூடத்தில் சோதித்துச் செய்யவேண்டிய வேலை. அமெரிக்காவில் பின்பற்றும் அளவுகோலில், நீர் நீக்கிய எடையில் வளர்ந்த பூனையின் உணவில் புரதம் குறைந்தது 26 வீதம், குட்டிகளுக்கு 30 வீதம், டோரின் உலர் உணவில் 0.1 வீதம், டின் உணவில் 0.2 வீதம் இருக்கவேண்டும். இது அந்த நீளப் பட்டியலின் தொடக்கம் மட்டும்.

டின் உணவு, பொதியில் அடைத்த குழம்பு உணவு எல்லாம் இன்னும் ஆபத்து. புளிப்பில்லாத உணவைக் காற்றுப் புகாமல் அடைத்தால் பொட்டுலிசம் நஞ்சு உண்டாக்கும் கிருமி அதற்குள் வளரலாம். அதைக் கொல்ல உள்ளே நடுப்பகுதிவரை 121 பாகையில் மூன்று நிமிடத்துக்குச் சமமான சூடு போகவேண்டும், அதற்கு அளவுமானி உள்ள இயந்திரம் வேண்டும். வீட்டுப் பிரஷர் குக்கரை நம்பி இதில் இறங்கவே வேண்டாம்.

சரி, தின்பண்டத்துக்கு வருவோம்.

வன்னியில் மீனுக்குக் குறைவில்லை. கிழக்கே முல்லைத்தீவுக் கடல், நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய். உள்ளே இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளங்கள். நான் இரண்டு வகையைத்தான் சொல்வேன், கடலில் நெத்தலி, குளத்தில் திலாப்பியா. சூடை மலிவுதான், ஆனால் எண்ணெய் கூடிய மீன், உப்பில்லாமல் காயவைத்தால் சீக்கிரம் காறல் மணம் வந்துவிடும், காறிய எண்ணெய் பூனைக்குக் கெடுதி. கடையில் விற்கும் கருவாட்டை வாங்கி நறுக்கி பக்கற்றில் போடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள், அதில் உப்பு மிதமிஞ்சி இருக்கும், வேண்டாம். சூரை, சுறா மாதிரிப் பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் அவையும் வேண்டாம், பூனை சின்ன உடம்பு.

மீன் வாங்கும்போது நேர்மையின் இரண்டாவது சோதனை வரும். வெடி போட்டுப் பிடித்த மீன் மலிவாக வரும். வயிறு தளர்ந்து, முள்ளந்தண்டோடு இரத்தம் கட்டி, நடு முள் முறிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். வெடியும் சுருக்குவலையும் வெளிச்சம் பாய்ச்சிப் பிடிப்பதும் சிறு படகுக்காரரின் பிழைப்பைத் தின்கின்றன என்று எங்கள் கரையோரச் சனம் எத்தனை தடவை வீதியில் இறங்கிச் சொல்லியிருக்கிறது. அந்த மீனை வாங்கி பூனைக்கு நல்லது செய்கிறேன் என்று பக்கற்றில் எழுதமுடியாது. ஒரு படகுக்காரரிடம் அல்லது குளத்து நன்னீர் மீனவர் சங்கத்திடம் நேரே பேசி, மீன் கூடுதலாகப் பட்டு, மீன் வாங்கி ஏற்றும் கூலர் லொறிக்காரர் விலையை விழுத்தும் நாட்களில் நீங்கள் ஒரு நியாயமான நிலையான விலைக்கு எடுப்பதாகச் சொல்லுங்கள். அவருக்கும் உதவி, வீட்டுச் சமையலுக்கு மீன் வாங்கும் சனத்துக்கும் நீங்கள் போட்டியாக நிற்கமாட்டீர்கள். மீன் குறைந்த நாளில் விலையைக் கூட்டிக் கொடுத்து அள்ளாதீர்கள், மனிசர் தின்னும் மீன் அது.

மீன் வெட்டும் அக்காவிடம் முதல்நாள் போனபோது அவர் பெட்டியின் அடியில் கிடந்ததை எடுத்துக் காட்டி, "பூனைக்குத்தானே தம்பி, பழசு காணும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் பழைய மீன் காணாது. சூடை, கும்பளா, சூரை, நெத்தலி மாதிரி மீன்கள் சூட்டில் கிடந்தால் கிருமிகள் அதில் கிஸ்ரமின் என்ற நச்சுப்பொருளை உண்டாக்கும், பிறகு எவ்வளவு அவித்தாலும் காய்ச்சினாலும் அது அழியாது. அதனால் பிடித்த நேரத்திலிருந்து ஐஸ். மீனுக்கு மேலேயும் கீழேயும் ஐஸ். ஐஸ் பெட்டியை நீங்களே கரையில் இருக்கும் மீன்வாடிக்குக் கொண்டுபோங்கள்.

செய்முறை பெரிய வித்தை இல்லை, ஆனால் ஒழுங்கு தவறக்கூடாது. நெத்தலியில் தலையும் குடலும் எடுத்து நன்றாகக் கழுவுங்கள். திலாப்பியாவில் சதையை மட்டும் உரித்து விரல் நீளத்தில் மெல்லிய கீற்றாக வெட்டுங்கள். உப்பு, மஞ்சள், மிளகாய் எதுவும் வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலத்தை உடைக்கும், தூளாகக்கூடச் சேர்க்காதீர்கள், அந்தச் சட்டி கரண்டியைக்கூடத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆவியில் அவியுங்கள், கிருமியைக் கொல்வது இந்தச் சூடுதான், காயவைப்பது மட்டும் கொல்லாது. தண்ணீரில் போட்டு அவிக்காதீர்கள், டோரின் தண்ணீரில் கரைந்து போய்விடும். ஆவி பிடித்து அடியில் சொட்டும் சாற்றைக்கூட ஊற்றிவிடாமல் வளவுப் பூனைகளுக்குக் கொடுக்கலாம். பிறகு வலை மூடிய தட்டில், 60 முதல் 65 பாகைவரை சூடு நிற்கும் உலர்த்தியில் வையுங்கள். வெறும் வெயிலில் பாயில் விரித்தால் உப்பில்லாத மீனில் இலையான் முட்டையிட்டுவிடும். எப்போது காய்ந்தது என்று கைக்குத் தெரியும், வளைக்காமல் ஒடியவேண்டும், ஆனால் கையை நம்பாமல் தராசை நம்புங்கள். கொழுப்புக் குறைந்த மீனில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான், அதனால் சுத்தம் செய்த 1000 கிராம் மீன் 250 கிராம் அளவுக்கு வந்து, இன்னும் ஒரு மணித்தியாலம் வைத்தாலும் எடை குறையாமல் நின்றால் சரி. முழுதாக ஆறவிட்டுத்தான் பக்கற்றில் போடவேண்டும், சூட்டோடு போட்டால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

இப்போது கணக்கு. இங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள். ஒரு கிலோ நெத்தலி வாங்கினால் தலை குடல் போக 700 கிராம் அளவில் நிற்கும், காய்ந்தபின் 170 கிராம் வரும். அதாவது ஒரு கிலோ தின்பண்டத்துக்கு ஆறு கிலோ பச்சை மீன். திலாப்பியாவில் சதை மூன்றில் ஒரு பங்குதான் தேறும், காய்ந்தால் 80 கிராம், அதாவது பன்னிரண்டு கிலோவுக்கு மேல் மீன் போட்டால்தான் ஒரு கிலோ கையில் வரும். 40 கிராம் நெத்தலிப் பக்கற் ஒன்றுக்குள் 240 கிராம் மீன் இருக்கிறது. உங்கள் ஊரில் அன்றைக்கு மீன் என்ன விலையோ அதை இந்த அளவால் பெருக்கி, அதோடு ஐஸ், மின்சாரம், பக்கற், லேபல், தபால், சுத்தம் செய்யும் பெண்களின் கூலி எல்லாவற்றையும் கூட்டுங்கள். கூலியை ஒருபோதும் 'உதவிக்கு வந்தார்கள்' என்று கழிக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை, அவர்களின் மணித்தியாலத்துக்குச் சரியான பணம் கொடுக்காமல் பூனைக்குக் கருணை காட்டுவதை என்னால் ஏற்கமுடியாது. அதற்குப் பிறகும் விலை வெளிநாட்டுப் பக்கற்றை விடக் கூடுதலாக வந்தால் பக்கற்றைச் சின்னதாக்குங்கள், மாவைக் கலக்காதீர்கள்.

திலாப்பியாவின் முள்ளையும் தலையையும் எறியவேண்டாம். பிரஷர் குக்கரில் முள் விரலால் நசுங்கும்வரை அவித்து, கோழி இதயத்தோடு கலந்து உங்கள் வளவுப் பூனைகளின் வழமையான சாப்பாட்டுக்கு மேலே கொஞ்சம் போடலாம். கோழி இதயத்தில் டோரின் நிறைய உண்டு, இறைச்சிக் கடையில் மலிவும்கூட. இது விற்பனைக்கு இல்லை, வீட்டுக்கு.

லேபலில் என்ன எழுதவேண்டும் என்பதை நான் ஒரு பொழுது முழுக்க இருந்து யோசித்தேன், ஏனென்றால் வாங்குபவருக்கும் பூனைக்கும் இடையில் நிற்பது அந்தச் சின்னத் தாள் மட்டும்தான். என்ன மீன், எந்தக் கரை அல்லது குளம், தயாரித்த திகதி, முடிவுத் திகதி, தொகுதி இலக்கம், நிறை. அதோடு 'இது தின்பண்டம், முழு உணவு அல்ல' என்ற வரி, மூன்று மொழியிலும். அளவும் எழுதுங்கள்: நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 முதல் 250 கலோரி போதும், தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, காய்ந்த நெத்தலியில் அது 5 கிராம். அப்படிப் பார்த்தால் ஒரு பக்கற் எட்டு நாளுக்கு வரும். 'இன்னும் போடுங்கள்' என்று எழுதினால் விற்பனை கூடும் என்று எனக்கும் தெரியும். 'பக்கத்தில் தண்ணீர் வையுங்கள்' என்ற வரியும் வேண்டும். காய்ந்த உணவைத் தின்று தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பூனைகளுக்கு, முக்கியமாகக் கடுவன்களுக்கு, சலம் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு, அடைத்தால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். சிறுநீரக நோய் உள்ள பூனைக்கு மிருக வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கவேண்டாம் என்பதையும் சேருங்கள். 'இயற்கை', 'சூப்பர்', 'வைத்தியர் சிபாரிசு' என்ற சொற்களை நிரூபிக்க முடியாவிட்டால் போடாதீர்கள்.

பதிவு விடயம் சலிப்பான வேலை, ஆனால் ஒழுங்காகச் செய்தால் பயமில்லை. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். செய்யும் இடத்துக்கான அனுமதி பற்றி பிரதேச சபையில் கேளுங்கள், மீன் கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது என்று கட்டாயம் கேட்பார்கள், பதிலோடு போங்கள். விலங்குகளுக்கான உணவு தயாரிப்பதும் விற்பதும் 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விலங்குணவுச் சட்டத்தின் கீழ் வருகிறது, அது கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் பொறுப்பு. ஆகவே ஒரு பக்கற்கூட விற்பதற்கு முன் உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போய் என்னென்ன பதிவு வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். பிராண்டின் பெயரையும் படத்தையும் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகப் பதிந்தால் பத்து வருடத்துக்குப் பாதுகாப்பு, பிறகு புதுப்பிக்கலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது, விலங்கு விஞ்ஞானத் துறையும் அங்கேதான், ஒரு மாதிரியைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். ஆய்வுகூடச் சோதனையில் புரதம், கொழுப்பு, ஈரப்பதன், சாம்பல், அதோடு சல்மொனெல்லா கிருமி இருக்கிறதா என்பதைப் பாருங்கள். புரத எண்ணை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படவேண்டாம். வழமையான சோதனை நைதரசனை அளந்துதான் புரதத்தைக் கணக்கிடுகிறது, 2007இல் வட அமெரிக்காவில் பூனை நாய் உணவுக்குப் போன கோதுமைப் புரதத்தில் நைதரசன் நிறைந்த மெலமைன் என்ற இரசாயனத்தைக் கலந்து அந்த எண்ணை உயர்த்திக் காட்டினார்கள், பூனைகள் சிறுநீரகம் பழுதாகிச் செத்தன. மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்று நீங்களே நேரில் பார்ப்பதற்கு ஈடான சோதனை இல்லை.

அப்புறம், பூனைகள். உங்கள் வளவில் காப்பாற்றி வைத்திருப்பவை சோதனை எலிகள் இல்லை. நோயாளிப் பூனைக்கும் குட்டிகளுக்கும் புதிதாகச் செய்ததைக் கொடுத்துப் பார்க்காதீர்கள். ஆரோக்கியமான வளர்ந்த பூனைகளுக்கு மட்டும், தின்பண்ட அளவில், இரண்டு கிண்ணங்களில் இரண்டு வகையை ஒரே நேரத்தில் வையுங்கள், எது கூடப் போகிறது என்று மிச்சத்தை நிறுத்துப் பாருங்கள், அடுத்தநாள் இடது வலது மாற்றி வையுங்கள், ஏனென்றால் சில பூனைகள் ஒரு பக்கத்துக்கே போகும். 'பசித்தால் தானாகத் தின்னும்' என்று பட்டினி போடுவது பெரிய பிழை. இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு, முக்கியமாகக் கொழுத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு ஏறி உயிராபத்து வரும். வழமையான உணவை மாற்றவேண்டியிருந்தாலும் ஒரு கிழமை பத்து நாள் எடுத்து, பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.

படம் போடுவதைப் பற்றியும் சொல்லவேண்டும். அடிபட்ட பூனை, புழு வைத்த காயம், எலும்பும் தோலுமான குட்டி, இந்தப் படங்களைப் போட்டால் பக்கற் விற்கும். போடாதீர்கள். எங்கள் மண்ணின் காயங்களைப் படமாக்கி எத்தனை பேர் எத்தனை இடத்தில் காட்டினார்கள், அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று வன்னியில் இருக்கும் எங்களுக்குத் தெரியும். குணமாகி மதிலில் படுத்திருக்கும் பூனையின் படத்தைப் போடுங்கள், அதன் பெயரையும் எங்கே கிடைத்தது என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். 'இலாபத்தில் ஒரு பங்கு' என்று எழுதவும் வேண்டாம், தொடக்கத்தில் இலாபமே வராது, அப்போது பங்கும் வராது. ஒரு பக்கற்றுக்கு இத்தனை ரூபா என்று நிலையாக வையுங்கள், பத்து ரூபாவாக இருந்தாலும் பரவாயில்லை, அதைத் தனிக் கணக்கில் போட்டு, மாதக் கடைசியில் எத்தனை பூனைக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சையும் விசர்நோய்த் தடுப்பூசியும் செய்தோம் என்று பற்றுச்சீட்டோடு வாங்குபவர்களுக்குக் காட்டுங்கள். சாப்பாடு போடுவதைவிட இந்த இரண்டுக்கும்தான் பணம் முதலில் போகவேண்டும் என்பது என் எண்ணம். கருத்தடை செய்யாமல் சாப்பாடு மட்டும் போட்டால் அடுத்த வருடம் சந்தையில் இரண்டு மடங்கு குட்டிகள் நிற்கும்.

முதல் தொகுதியை ஐம்பது பக்கற்றுக்கு மேல் செய்யாதீர்கள். முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, கிளிநொச்சி, வவுனியா என்று தெரிந்த வீடுகளுக்கும் ஓரிரு கடைக்கும் மட்டும் கொடுங்கள். எந்தத் தொகுதி யாருக்குப் போனது என்று ஒரு கொப்பியில் பெயர், தொலைபேசி இலக்கத்தோடு எழுதிவையுங்கள், ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு பக்கற்றை உடைக்காமல் உங்களிடமே வைத்திருங்கள். எங்கேயாவது ஒரு பூனை வாந்தி எடுத்தது என்று அழைப்பு வந்தால் விவாதிக்கவேண்டாம், அன்றைக்கே அந்தக் கொப்பியை எடுத்து அந்தத் தொகுதி வாங்கிய எல்லாருக்கும் அழைத்து நிறுத்தச் சொல்லுங்கள், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், வைத்திருந்த பக்கற்றைச் சோதனைக்கு அனுப்புங்கள்.

சோளகம் வீசும் மாதங்களில் உலர்த்துவது சுலபம். ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் காற்றே ஈரமாகி, காய்ந்த துண்டும் ஒரு இரவில் நமத்துப்போகும், வாடை தொடங்கி கடலும் கொந்தளிக்கும், படகுகள் கரையில் கிடக்கும். அப்போது ஓடர் இருக்கிறதே என்று அரைகுறையாகக் காய்ந்ததை அடைத்து அனுப்பாதீர்கள். தை மாதம் வரைக்கும் மூடியிருக்கிறோம் என்று வாங்குபவர்களுக்குச் சொல்லிவிட்டு, தட்டுகளைக் கொதிநீரில் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்த மாதங்களில் வளவில் இருக்கும் கடுவன்களைக் கருத்தடைக்கு ஒவ்வொன்றாக மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.